லைக் வந்தால் வியாபாரம் வந்துவிடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. "பேஸ்புக்கில் ஒரு பேஜ் ஆரம்பியுங்கள், இன்ஸ்டாகிராமில் நாலு ரீல்ஸ் போடுங்கள், ஆர்டர் தானாக வந்து குவியும்" என்பதுதான் அது. இதைச் சொல்லிக் கொடுக்க வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பில் சேரச் சொல்லி வரும் விளம்பரங்களும் அதே பேஸ்புக்கில்தான் வருகின்றன. இதை நம்பி நகையை அடகு வைத்து லேப்டாப் வாங்கியவர்களும் உண்டு. மகளிர் குழுக் கடனில் பாக்கெட் போடும் மெஷின் வாங்கியவர்களும் உண்டு. ஆகவே இந்தத் தளங்கள் நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதைப் பணம் போடும் முன்னரே தெரிந்து கொள்வது நல்லது.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். சோஷியல் மீடியா தளங்கள் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் அவை தண்டோரா போடும் வேலையைத்தான் செய்கின்றன. தண்டோராவைக் கேட்டவர் எல்லாம் கடைக்கு வருவதில்லை. வந்தவர் எல்லாம் வாங்குவதில்லை. இதை மறந்து கணக்குப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

பரளச்சியில் இருந்து பார்ப்போம்

பெரிய நகரத்துக் கம்பெனிகளை உதாரணம் காட்டினால் நமக்குப் புரியாது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ள பரளச்சியை எடுத்துக் கொள்வோம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றிலும் உள்ள கரிசல் காடு இது. மானாவாரி விவசாயம்தான் அதிகம். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. கண்மாயில் தண்ணீர் நின்றால் நிம்மதி. பருத்தி, மல்லி, சோளம், மிளகாய் என்று பயிர் வைத்து, மாசிக்குப் பிறகு மிளகாய்ப் பழம் பறித்து, களத்தில் காயப் போட்டு, வத்தலாக்கி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள்.

இந்த வத்தலுக்கு விலை சொல்வது விளைவித்தவர் அல்ல. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பல காலமாகப் பத்திரிகைகளில் வரும் அளவிற்குப் பெயர் பெற்ற சந்தை. கமிஷன் கடையில் மூட்டையை இறக்கிய பின் அன்றைய விலைதான் விலை. அதே வத்தல் சென்னையில் பொடியாகிக் கடைக்கு வரும்போது விலை எங்கோ போய்விடுகிறது. "நடுவில் இருப்பவர்கள் இல்லாமல் நாமே சென்னைக்காரரிடம் நேரடியாக விற்றால் என்ன?" என்ற எண்ணம் ஒரு குடும்பத்திற்கு வருவது நியாயமானது. அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், கல்லூரிக்குப் போய் வந்த பிள்ளையும் இருந்துவிட்டால், அடுத்த நாளே பேஸ்புக் பேஜ் தயாராகிவிடும். எண்ணம் சரிதான். எதிர்பார்ப்பின் அளவில்தான் சிக்கல் இருக்கிறது.

நாம் போடுவதை யார் பார்க்கிறார்கள்?

புதியவர்கள் பலரும் நினைப்பது இதுதான்: பேஜுக்கு 1,000 பேர் லைக் கொடுத்துவிட்டால், இனி நாம் எதைப் போட்டாலும் அந்த 1,000 பேரும் பார்ப்பார்கள். அப்படி நடப்பது இல்லை.

பேஸ்புக் நிறுவனமே 2012ல் தந்த தகவலின்படி, ஒரு பேஜ் போடும் தகவல் அதனை லைக் செய்தவர்களில் சராசரியாக 16 சதவீதம் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இது அந்தக் காலத்து நிலைமை. 2013ல் அதே நிறுவனம் இன்னொன்றையும் சொன்னது. ஒருவர் பேஸ்புக்கைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் காட்டக் கூடிய தகவல்கள் சராசரியாக 1,500 காத்திருக்கின்றனவாம். அத்தனையையும் யார் படிப்பார்கள்? ஆகவே எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்று ஒரு புரோகிராம் தீர்மானிக்கிறது. 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க், இனி உறவினர், நண்பர்கள் போடும் தகவல்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். வியாபாரப் பேஜ்களுக்கு இடம் மேலும் சுருங்கியது.

இன்ஸ்டாகிராம், யு ட்யூப் ஆகியவற்றிலும் இதே போன்ற ஏற்பாடுதான். உங்கள் பேஜைத் தொடராதவருக்கும் உங்கள் வீடியோ போய்ச் சேரலாம். தொடர்பவருக்கே போகாமலும் இருக்கலாம். நம் கையில் அது இல்லை. கூடுதலாகப் பேர் பார்க்க வேண்டும் என்றால் "பூஸ்ட்" என்ற பட்டனை அழுத்திப் பணம் கட்டச் சொல்கிறார்கள். இலவசம் என்று ஆரம்பித்தது இங்கேதான் செலவாக மாறுகிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்த நிறுவனங்களின் வருமானமே விளம்பரம்தான். நாம் அங்கே வாடிக்கையாளர் என்பதை நினைவில் வைத்துக் கொண்டால் போதும்.

பணம் கொட்டியவர்கள் கண்ட பலன்

"நம்மிடம் பணம் இல்லை, அதனால்தான் பலன் இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது. பெப்ஸி நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் சூப்பர் பௌல் என்ற கால்பந்து இறுதிப் போட்டியின்போது டி.வி. விளம்பரம் செய்வது பெப்ஸியின் வழக்கம். 23 ஆண்டுகளாகச் செய்து வந்ததை 2010ல் நிறுத்தினார்கள். அதற்குப் பதில் "பெப்ஸி ரெப்ரெஷ்" என்ற பெயரில் இன்டர்நெட்டிலும் சோஷியல் மீடியாவிலும் ஒரு திட்டம் நடத்தினார்கள். ஊர் நன்மைக்கான யோசனைகளை மக்கள் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஓட்டுப் போட வேண்டும், ஜெயித்தவருக்குப் பணம். இதற்கு 2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 8 கோடிக்கும் மேல் ஓட்டுகள் விழுந்தன. லைக்குகளும் லட்சக் கணக்கில் வந்தன.

விற்பனை என்ன ஆயிற்று? அதே 2010ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையில் இரண்டாம் இடத்தில் இருந்த பெப்ஸியை டயட் கோக் முந்தியது. பெப்ஸி மூன்றாம் இடத்திற்கு இறங்கியது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ஓட்டுப் போட்ட கைகள் எல்லாம் பாட்டிலை எடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி. 2011ல் பெப்ஸி மீண்டும் டி.வி. விளம்பரத்திற்கே திரும்பியது.

2012 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் கார் விற்பனைக்குப் பேஸ்புக் விளம்பரம் பெரிதாக உதவவில்லை என்று கூறி, ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர் செலவழித்ததை நிறுத்தியது. ஓராண்டு கழித்து 2013ல் மீண்டும் வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, பலனைப் பார்த்து நிறுத்தவும், பின்னர் சோதித்துத் தொடங்கவும் அவர்களிடம் கணக்கு இருந்தது என்பதே. நம்மிடம் அந்தக் கணக்கு இருக்கிறதா?

ஒரே நாளில் புகழ், ஆறு மாதத்தில் பழைய இடம்

"வைரல்" என்ற சொல் இப்போது எல்லாருக்கும் தெரியும். ஒரு வீடியோ வைரலாகிவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. டில்லி மாளவியா நகரில் உள்ள "பாபா கா தாபா" என்ற சிறிய சாப்பாட்டுக் கடையை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் வியாபாரம் இல்லாமல் தவித்த வயதான தம்பதியின் கண்ணீர் 2020 அக்டோபரில் ஒரு வீடியோவாக வந்தது. மறுநாளே கடை முன்னால் பெரிய கூட்டம். நாடு முழுவதும் இருந்து உதவி. அந்த ஆண்டு டிசம்பரில் அவர்கள் தனியாக ஒரு ரெஸ்டாரண்ட் திறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. வாடகை, சம்பளம் என்று மாதச் செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். வசூல் அதில் பாதியைக் கூடத் தொடவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அவர்கள் பழைய கடைக்கே திரும்பினார்கள்.

வீடியோ பார்த்து வந்தவர்கள் பரிவோடு ஒருமுறை சாப்பிட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். தினமும் மதியம் சாப்பிட வருபவர் வேறு ஆள். வைரல் கூட்டத்தை நிலையான வாடிக்கை என்று எண்ணி வாடகைக்கு இடம் பிடித்ததுதான் அங்கே நடந்தது. நம் ஊரிலும் ஒரு ரீல்ஸ் ஓடியவுடன் அரவை மெஷின் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்கள் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துக் கொள்ள வேண்டும்.

"நம்ம ஊர்க்காரர்களும் ஜெயித்திருக்கிறார்களே" என்று கேட்கலாம். உண்மைதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் இருந்து தாத்தாவும் பேரன்களுமாக 2018ல் தொடங்கிய "வில்லேஜ் குக்கிங் சேனல்" 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழ் யு ட்யூப் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, மூன்று ஆண்டுகள் விடாமல் உழைத்தார்கள். இரண்டாவது, வீடியோதான் அவர்கள் தந்த சரக்கு. மக்கள் பார்ப்பதற்கே அவர்களுக்கு விளம்பர வருமானம் வருகிறது. வத்தல் விற்பவருக்குப் பார்ப்பதால் மட்டும் ஒரு பைசாவும் கிடையாது. வாங்கினால்தான் பணம். இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

ஒரு பாக்கெட் கணக்கு

இப்போது பரளச்சியில் ஒரு சகோதரி அரைக் கிலோ மிளகாய்ப் பொடிப் பாக்கெட் விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக் கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.

வத்தல், காம்பு கழிவு உட்பட 120 ரூபாய். அரவைக் கூலி 15. கவர், லேபிள் 15. அட்டைப்பெட்டி, டேப் 10. பார்சல் அனுப்ப 60. மொத்தம் 220 ரூபாய். விற்பனை விலை 260 என்றால் மீதி 40 ரூபாய். காயப் போட்டது, காம்பு கிள்ளியது, பாக்கெட் போட்டது எல்லாம் வீட்டார் உழைப்பு. அதற்குக் கூலி இந்தக் கணக்கில் சேரவில்லை.

இப்போது 300 ரூபாய் கட்டி ஒரு போஸ்ட்டை "பூஸ்ட்" செய்கிறார். 8,000 பேர் பார்த்ததாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. 200 லைக் வருகிறது. 30 பேர் "விலை என்ன?" என்று கேட்கிறார்கள். 5 பேர் வாங்குகிறார்கள். ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 60 ரூபாய். மீதி 40தானே? ஒவ்வொரு பாக்கெட்டிலும் 20 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. 200 லைக்கைப் பார்த்து வீடே சந்தோஷமாக இருக்கும் அதே நாளில் 100 ரூபாய் நஷ்டம். அதே 300 ரூபாய்க்கு 15 ஆர்டர் வந்திருந்தால் ஒரு பாக்கெட்டிற்கு 20 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

அப்படியானால் விளம்பரமே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். அந்த 5 பேரில் இரண்டு பேர் அடுத்த மாதமும் கேட்டால், அதற்கு விளம்பரச் செலவு கிடையாது. 40 ரூபாய் முழுதாக நிற்கும். ஒருவர் நான்கு பாக்கெட்டாக ஒரே பார்சலில் கேட்டு, பார்சல் செலவு 120 ரூபாய் ஆனால், மீதி 280 ரூபாய். பாக்கெட்டிற்கு 70 ரூபாய் வருகிறது. ஆகவே லாபம் இருப்பது இரண்டாவது ஆர்டரிலும், மொத்தமாக வாங்குபவரிடமும்தான். முதல் ஆர்டரைத்தான் சோஷியல் மீடியா கொண்டு வரும். இரண்டாவது ஆர்டரைப் பொடியின் மணமும் காரமும், சொன்ன தேதியில் பார்சல் போய்ச் சேர்ந்ததும்தான் கொண்டு வரும்.

இன்னொன்று. நம் மிளகாய் ஒரு பருவத்துப் பயிர். ஆடி மாதம் திடீரென்று 50 ஆர்டர் வந்து, வீட்டில் வத்தல் தீர்ந்திருந்தால் என்ன செய்வது? வெளியில் வாங்கி அரைத்தால் நிறமும் காரமும் மாறும். முன்பு வாங்கியவர் "போன தடவை மாதிரி இல்லையே" என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதுவார். கையிருப்பு எவ்வளவோ அந்த அளவிற்கு மட்டுமே விளம்பரம் செய்திட வேண்டும்.

வாடகை இடத்தில் மாடி வீடு

நம் பேஜ் நம்முடையது என்று நினைக்கிறோம். அந்த இடம் நம்முடையது அல்ல. இந்தியாவில் ஒரு காலத்தில் எல்லாரும் ஆர்குட்டில்தான் இருந்தார்கள். 2014 செப்டம்பர் 30ல் அது மூடப்பட்டது. கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 அப்ளிகேஷன்களைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அதில் ஒன்று. கிராமங்களில் இருந்து லட்சக் கணக்கில் தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், மறுநாள் அவர்களுக்கு ஒரு வணக்கம் கூடச் சொல்ல வழி இல்லாமல் நின்றார்கள். 2021 அக்டோபர் 4ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ் அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அதை மட்டுமே நம்பி ஆர்டர் எடுத்தவர்களுக்கு அன்று வியாபாரம் இல்லை.

எனவே வாங்கியவர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், போன் எண், வாங்கிய தேதி, வாங்கிய பொருள் ஆகியவற்றை அவரது சம்மதத்துடன் உங்கள் கம்ப்யூட்டரில் ஓர் எக்ஸெல் பைலில் பதிந்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதனைப் பென் டிரைவில் காப்பி எடுங்கள். 100 வாடிக்கையாளர்கள் உள்ள அந்தப் பைல், 10,000 லைக் உள்ள பேஜைவிட மதிப்பு மிக்கது. பேஜ் நாளை மறைந்தாலும் நூறு பேருக்குப் போன் செய்திடலாம்.

ஏமாற்றுபவர்கள்

எதிர்பார்ப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் ஏமாற்றுபவர்களும் வருவார்கள். மூன்று வகையைச் சொல்கிறேன்.

முதலாவது, "10,000 பாலோயர்கள் தருகிறோம்" என்று விற்பவர்கள். அந்தப் பத்தாயிரமும் பெரும்பாலும் ஆள் இல்லாத பொய்க் கணக்குகள். அமெரிக்காவில் டெவுமி என்ற நிறுவனம் இப்படிப் பொய்யான பாலோயர்களை விற்றதை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. 2019ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அதன் மீது நடவடிக்கை எடுத்து முடித்தது. பொய்க் கணக்கு மிளகாய்ப் பொடி வாங்காது. அதற்கும் மேலே, நம் பேஜைத் தொடர்பவர்கள் எதையும் பார்ப்பதில்லை, தொடுவதில்லை என்று தளத்தின் புரோகிராம் கண்டுகொண்டால், நிஜமான ஆட்களுக்குக் காட்டுவதும் குறையலாம். பணம் கொடுத்துக் கெடுதலை வாங்கியது போல் ஆகும்.

இரண்டாவது, மொத்த ஆர்டர் தருவதாக வரும் போன் அழைப்பு. "ராணுவ கேன்டீனுக்கு 50 கிலோ வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் எப்போதும் தேவை இல்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்திட வேண்டும். வாட்ஸ் அப், பேஸ்புக் இரண்டிலும் இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இன்றே இயக்கி வையுங்கள்.

மூன்றாவது, "முப்பது நாளில் லட்சம் சம்பாதிக்கலாம்" என்று கட்டணம் வாங்கும் வகுப்புகள். நல்ல வகுப்புகளும் உண்டு. சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களிடம் படித்தவர்களில் எந்தப் பொருளை, மாதம் எத்தனை பேருக்கு விற்கிறார்கள்? அவர்களிடம் நான் பேசலாமா?" பதிலில் லைக் எண்ணிக்கை மட்டும் வந்தால் திரும்பி விடுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

குறை மட்டும் சொல்லி விட்டுப் போவது நியாயம் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. செலவில்லாமல் என்ன செய்யலாம், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று பார்ப்போம்.

1. முதல் மூன்று மாதங்களில் புதியவர்களை எதிர்பார்க்க வேண்டாம். நம்மை ஏற்கனவே அறிந்தவர்கள்தான் முதலில் வாங்குவார்கள். பரளச்சியில் இருந்து சென்னை, கோவை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போனவர்கள் எத்தனை பேர்? ஊர் வத்தலின் காரம் அவர்கள் நாக்கிற்குத் தெரியும். அவர்களிடம் விளம்பரம் செய்திடத் தேவை இல்லை; "கிடைக்கிறது" என்று தெரிவித்தால் போதும்.

2. வாட்ஸ் அப் பிசினஸ் அப்ளிகேஷனை இலவசமாகப் பயன்படுத்தலாம். இது 2018ல் வெளியானது. பொருள்களின் படம், விலை ஆகியவற்றைக் கேட்டலாக் போல இதில் அமைக்கலாம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 எண்கள் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஆகவே பாக்கெட்டின் மேல் "இந்த எண்ணைச் சேவ் செய்து கொள்ளுங்கள்" என்று அச்சிடுங்கள். தினமும் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தால் பிளாக் செய்து விடுவார்கள். மாதம் இரண்டு போதும்.

3. படம் போடும்போது இன்டர்நெட்டில் இருந்து அழகான மிளகாய்ப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். உங்கள் களம், உங்கள் வத்தல், காம்பு கிள்ளும் கைகள், இவைதான் உங்களிடம் உள்ள சொத்து. வாங்குபவர் நம்புவது அதைத்தான். பார்சல் பிரித்த பின் பொருள் படத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும்.

4. பணம் கட்டி விளம்பரம் செய்தால் "இந்தியா முழுவதும்" என்று விட்டு விடாதீர்கள். மதுரை, சென்னை என்று இடத்தைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். முதலில் போனாலும் பரவாயில்லை என்ற தொகையை மட்டும் கட்டுங்கள். கடன் வாங்கிய பணத்தில் பூஸ்ட் செய்யவே கூடாது.

5. மாதக் கடைசியில் நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள்: விளம்பரச் செலவு, வந்த ஆர்டர், இரண்டாவது முறை வாங்கியவர், கையில் நின்ற பணம். லைக், வியூ, பாலோயர் எண்ணிக்கைக்கு அந்தத் தாளில் இடம் தர வேண்டாம்.

6. உணவுப் பொருள் விற்க எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். இன்டர்நெட்டில் விற்பதால் இது மாறாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பக்கத்து மாவட்டம்தானே என்று அந்தப் பெயரை உங்கள் லேபிளில் போட்டுவிட முடியாது. அதற்கு உரிய பதிவு வேண்டும்.

7. கமிஷன் கடையை உடனே விட்டுவிடாதீர்கள். பத்து மூட்டை விளைந்தால் ஒரு மூட்டையைப் பொடியாக்கி நேரடியாக விற்றுப் பாருங்கள். அது ஓடினால் அடுத்த ஆண்டு இரண்டு மூட்டை. மானாவாரி விவசாயிக்கு ஒரே விதையைக் காடு முழுக்கப் போடக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

பெயர் பரவ எவ்வளவு காலம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவிற்கு 2019லும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020லும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயர்கள் பேஸ்புக் பிறப்பதற்கு முன்பே தமிழ்நாடு முழுவதும் தெரிந்தவை. பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர்கள் வாங்கிப் போய் வீட்டில் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்கள் அடுத்த முறை போகிறவரிடம் சொல்லி விட்டார்கள். ஒருவர் மற்றொருவருக்குச் சொன்னதே அங்கும் விளம்பரம். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்டர்நெட் அந்தக் காலத்தைச் சில ஆண்டுகளாகக் குறைக்கலாம். சில நாட்களாகக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓர் ஆண்டு நேர்மையாக முயன்று, மேலே சொன்ன நான்கு எண்களையும் எழுதிப் பார்த்த பின்னும் கையில் பணம் நிற்கவில்லை என்றால், நிறுத்தி விடுவதில் வெட்கம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸே நிறுத்தியது. கம்ப்யூட்டர் வீணாகிவிடாது. பிள்ளைகளின் படிப்பிற்கும், மார்க்கெட் விலை பார்ப்பதற்கும், கணக்கு எழுதுவதற்கும் அது இருக்கும். வத்தலும் விருதுநகருக்குப் போகும். மாறாக, ஓர் ஆண்டில் முப்பது குடும்பங்கள் மாதந்தோறும் உங்களிடம் வாங்கும் நிலை வந்திருந்தால், அது பெரிய வெற்றி. உங்கள் பேஜில் லைக் குறைவாக இருக்கிறதே என்று அப்போது கவலைப்பட வேண்டாம். அந்த முப்பது வீடுகளின் அடுத்த மாத பார்சலை நேரத்தில் அனுப்பும் வேலையைப் பாருங்கள்.